பழைய லேத்துக்கு மோட்டார் மாற்றுவது எப்படி: வீட்டுப் பட்டறைக்கான முழுமையான வழிகாட்டி

திருவொற்றியூரில் என் வீட்டுக் கீழ்த்தளத்தில், பைக் நிறுத்த வேண்டிய இடத்தில், நாலரை அடி லேத் (இரும்பைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) ஒன்று நிற்கிறது. பெல்ட்டை இடம் மாற்றி வேகம் மாற்றும் பழைய ரகம். அதன் மோட்டாரை மாற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் என்று நினைத்து இறங்கினேன். மூன்று வாரம் ஆனது. அப்புறம் கொடுங்கையூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை என்று நண்பர்களின் லேத்துகளுக்குக் கைகொடுக்கப் போனபோதும் அதே காட்சிதான். மோட்டார் முதலில் வந்து இறங்கியிருக்கும். அளவெடுக்கும் வெர்னியரை அதற்குப் பிறகுதான் தேடுவார்கள்.

கீழே உள்ள வரிசையில் மோட்டார் வாங்குவது ஐந்தாவது படி. அது ஐந்தாவதாக இருப்பதற்குக் காரணம் உண்டு.

1. கையில் இருக்க வேண்டியவை

மல்டிமீட்டர், வெர்னியர், புல்லியை இழுத்துக் கழற்றும் மூன்று கால் புல்லர், அல்லன் கீ செட், ஸ்பேனர்கள், மண்ணெண்ணெய் அல்லது துரு இளக்கும் ஆயில், இரண்டு மீட்டர் நைலான் நூல். டாங் டெஸ்டர் (வயரைக் கவ்வி ஆம்பியர் அளப்பது) சொந்தமாக வேண்டாம், ஒருநாள் இரவல் போதும். மெகர் (காயிலிலிருந்து கரண்ட் பாடிக்குக் கசிகிறதா என்று சோதிப்பது) ரீவைண்டிங் கடையில், அதாவது எரிந்த காயிலைப் புதிதாகச் சுற்றித் தரும் கடையில் இருக்கும்.

தூக்க இன்னொரு ஆள் வேண்டும். பழைய வார்ப்பிரும்பு மோட்டார் பார்ப்பதற்குச் சின்னதாக இருக்கும், குனிந்து ஒற்றைக் கையில் இழுத்தால் இடுப்பு சொல்லும்.

2. மோட்டார் உண்மையிலேயே போய்விட்டதா?

பாதி நேரம் போயிருக்காது. பிளக்கைப் பிடுங்கி, பெல்ட்டைக் கழற்றி, மோட்டார் புல்லியைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்றால் பேரிங். 1 ஹெச்.பி. மோட்டார்களில் பெரும்பாலும் 6204 எண் பேரிங், அதற்கு அடுத்த பெரிய பாடியில் 6205. இரண்டுமே எந்த பேரிங் கடையிலும் கிடைப்பவை. அதற்காக மோட்டாரையே மாற்ற வேண்டியதில்லை.

சுலபமாகச் சுற்றுகிறது, ஆனால் கரண்ட் கொடுத்தால் உறுமிக்கொண்டு நிற்கிறதா? சிங்கிள் பேஸ் மோட்டார் என்றால் கெப்பாசிட்டரையும் உள்ளே இருக்கும் சென்ட்ரிஃபியூகல் ஸ்விட்சையும் பாருங்கள். கெப்பாசிட்டரைத் தொடும் முன் சார்ஜை இறக்கிவிடுங்கள், பிளக் பிடுங்கியிருந்தாலும் அது உதைக்கும். த்ரீ பேஸ் மோட்டார் என்றால் மூன்றில் ஒரு பேஸ் வரவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். ஃபியூஸைப் பார்த்தாலே போதும்.

கனெக்ஷன் பெட்டியைத் திறந்ததும் கருகிய வாடை வந்தால் காயில் போய்விட்டது. வாடை இல்லையென்றால் 500 வோல்ட் மெகரில் சோதிக்கச் சொல்லுங்கள். காயிலுக்கும் பாடிக்கும் நடுவே 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த மோட்டாருக்கு கரண்ட் கொடுக்கக் கூடாது. ஆனால் அது ஈரமாகவும் இருக்கலாம். எங்கள் பக்கம் கடல் காற்றும் மழைக்கால ஈரமும் சேர்ந்து நல்ல மோட்டாரையே அப்படிக் காட்டும். நன்றாக உலர்த்திவிட்டு மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள்.

காயில் எரிந்திருந்தாலும், பாடி நன்றாக இருந்தால் நான் ரீவைண்டிங்கைத்தான் முதலில் யோசிப்பேன். பழைய மோட்டாரின் கால் துளைகளும் ஷாஃப்ட் அளவும் உங்கள் லேத்துக்கு ஏற்கெனவே பொருந்தியவை. பிளேட்டில் இருக்கும் ஆர்.பி.எம். மாறாமல் ரீவைண்ட் செய்தால் ஐந்து முதல் எட்டு வரை உள்ள படிகளில் பாதி வேலை குறையும். த்ரீ பேஸ் மோட்டாரை ரீவைண்டிங்குக்குக் கொடுக்கும்போது, “அண்ணே, ஆறு வயரையும் வெளியே எடுத்து விடுங்க” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஏன் என்பது ஐந்தாவது படியில்.

3. வீட்டுக்கு என்ன கரண்ட் வருகிறது?

பழைய லேத்துகள் பெரும்பாலும் பட்டறையிலிருந்து வருபவை. அங்கே 415 வோல்ட், த்ரீ பேஸ். நம் வீட்டில் பெரும்பாலும் 230 வோல்ட், சிங்கிள் பேஸ். வீட்டு மீட்டருக்கு த்ரீ பேஸ் வந்தால் வேலை சுலபம், பழைய மாதிரியே மோட்டார் வாங்கிப் போட்டுவிடலாம்.

சிங்கிள் பேஸ் என்றால் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல், அக்கம்பக்கத்து ஏசி எல்லாம் ஓடும் நேரத்தில், பிளக்கில் வோல்டேஜை அளந்து பாருங்கள். மோட்டாரின் இழுவை வோல்டேஜின் வர்க்கத்தோடு குறையும். 230க்குப் பதில் 190 வந்தால் இழுவை மூன்றில் இரண்டு பங்குதான். பகலில் ஜோராகக் கிளம்பும் சிங்கிள் பேஸ் மோட்டார் இரவில் உறுமி நிற்பதற்கு இதுதான் காரணம், மோட்டாரைக் குறை சொல்லிப் பயனில்லை.

அடுத்தது எர்த். பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. கடலோரத்தில் எர்த் கம்பி அரித்துப்போயும் இருக்கும். இரும்பு உடம்புள்ள இயந்திரத்தைத் தொட்டுக்கொண்டே நிற்கப் போகிறீர்கள். மீட்டர் பலகையிலிருந்து லேத் வரை தனி லைன், 16 ஆம்பியர் எம்.சி.பி., 2.5 சதுர மி.மீ. காப்பர் வயர், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிப்பது), நல்ல எர்த், இவ்வளவையும் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து மோட்டார் வாங்கும் முன்பே முடித்துவிடுங்கள்.

இது வீட்டு உபயோகத்துக்கான ஏற்பாடு. வீட்டு இணைப்பில் கூலிக்கு ஜாப் வொர்க் செய்தால், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவுப்படி அனுமதியற்ற பயன்பாடு ஆகிவிடும்.

4. பழைய மோட்டாரின் ஜாதகம்

பிளேட்டைத் துடைத்து ஃபோட்டோ எடுங்கள். வேண்டியவை ஹெச்.பி. அல்லது கி.வா. (1 ஹெச்.பி. என்பது 746 வாட்), ஆர்.பி.எம்., வோல்ட், ஆம்பியர், ஸ்டாரா டெல்டாவா (த்ரீ பேஸ் மோட்டாரின் மூன்று காயில்களை இணைக்கும் இரண்டு முறைகள்) என்ற குறி.

இதில் எல்லோரும் ஹெச்.பி.யைப் பார்க்கிறார்கள், ஆர்.பி.எம்.மை விட்டுவிடுகிறார்கள். பழைய லேத்தில் 1440 இருக்கலாம், 960ம் இருக்கலாம். தண்ணீர் இறைக்கும் மோட்டார்கள் பெரும்பாலும் 2880. வியாசர்பாடி நண்பர் ஒருவர் மலிவாகக் கிடைத்ததென்று 2880 ஓடும் மோட்டாரை வாங்கிப் பொருத்திவிட்டார். லேத்தின் எல்லா வேகமும் இரண்டு மடங்கு ஆனது. மிகக் குறைந்த வேகத்தில் போட்டும் சக் (கடையும் பொருளைக் கவ்விச் சுற்றும் தலை) சுற்றிய சத்தத்தைக் கேட்டு நான் மெயின் ஸ்விட்சை நோக்கி ஓடினேன். பழைய வார்ப்பிரும்பு சக்குகள் அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல.

அப்புறம் வெர்னியர். ஷாஃப்டின் விட்டம், வெளியே நீட்டியிருக்கும் நீளம், மோட்டார் காலின் அடியிலிருந்து ஷாஃப்ட் மையம் வரை உயரம், கால் துளைகளின் இடைவெளி, புல்லியின் வெளி விட்டம், பெல்ட்டின் மேல் அகலம். இப்போது வரும் மோட்டார்களின் அளவுகள் ஓர் ஒழுங்கில் இருக்கும். நாலு போல் (1440 ஓடும் ரகம்), 1 ஹெச்.பி. த்ரீ பேஸ் என்றால் 80 ஃபிரேம், அதாவது பாடி சைஸ்: மைய உயரம் 80 மி.மீ., ஷாஃப்ட் 19 மி.மீ., நீளம் 40, கால் துளைகள் 125க்கு 100. 2 ஹெச்.பி. என்றால் 90 ஃபிரேம்: உயரம் 90, ஷாஃப்ட் 24, நீளம் 50, துளைகள் 140க்கு 125. சிங்கிள் பேஸ் மோட்டார் அதே ஹெச்.பி.க்கு ஒரு சைஸ் பெரிய பாடியில் வரலாம். பழைய லேத் மோட்டாரின் அளவுகள் அங்குலக் கணக்கில் இருந்தால் இந்த எதோடும் ஒத்துப்போகாது. அதனால்தான் அளந்து எழுதிவைக்கச் சொல்கிறேன்.

5. எந்த மோட்டார்?

சிங்கிள் பேஸ் வீட்டுக்கு உண்மையில் இரண்டு வழிகள்தான்.

முதல் வழி, சிங்கிள் பேஸ் கெப்பாசிட்டர் ஸ்டார்ட் மோட்டார், 1440 ஆர்.பி.எம். வயரிங் எளிது. அவ்வப்போது ஒரு புஷ், ஒரு பின் கடைபவருக்கு இது போதும். ஆனால் மரை போடும்போது நிமிடத்துக்கு நாலு முறை நிறுத்தி, ரிவர்ஸ் போட்டு, மறுபடி கிளப்புவோம். அந்தப் பாட்டை ஸ்டார்ட் கெப்பாசிட்டர் தாங்காது.

இரண்டாவது வழி, த்ரீ பேஸ் மோட்டாரும் விஎஃப்டி என்னும் டிரைவும். டிரைவ் 230 வோல்ட் சிங்கிள் பேஸை உள்ளே வாங்கி, 230 வோல்ட் த்ரீ பேஸாக வெளியே தரும். மெதுவாகக் கிளம்பும், நிற்கும், வேகத்தைத் திருகி மாற்றலாம். இன்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இந்த வழியில் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. டிரைவ் தருவது 230, மோட்டார் பிளேட்டில் இருப்பது 415. நம் ஊரில் 3 ஹெச்.பி. வரை உள்ள மோட்டார்கள் பொதுவாக ஸ்டார் இணைப்பில் வருகின்றன. ஸ்டாரில் 415 என்றால் ஒவ்வொரு காயிலுக்கும் கிடைப்பது ஏறக்குறைய 240 வோல்ட்தான். ஆகவே அதே மோட்டாரை டெல்டாவாக மாற்றினால் 230இல் முழு இழுவையோடு ஓடும். மாற்றாமல் ஸ்டாரிலேயே விட்டால் மோட்டார் சுற்றும், இழுவை மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். டூல் தொட்டதும் நின்றுவிடும். “டிரைவ் சரியில்லை” என்று திருப்பிக் கொடுக்கப் போனவர்களை எனக்குத் தெரியும்.

டெல்டா மாற்றத்துக்கு ஆறு முனையும் கனெக்ஷன் பெட்டிக்குள் வந்திருக்க வேண்டும். சில மோட்டார்களில் மூன்றுதான் வரும், மீதி மூன்றும் உள்ளே ஒரு முடிச்சாகக் கட்டப்பட்டிருக்கும். அதனால் காசு கொடுக்கும் முன் கனெக்ஷன் பெட்டி மூடியைத் திறந்து எண்ணுங்கள். பிளேட்டில் 415 டெல்டா என்றே இருந்தால் அது இந்த வேலைக்கு உதவாது.

டிரைவ் வாங்கும்போதும் பாருங்கள். 415 வோல்ட் த்ரீ பேஸ் உள்ளே கேட்கும் டிரைவ் பழைய கடைகளில் மலிவாகக் கிடைக்கும். நம் வீட்டு கரண்டுக்கு அது வெறும் பெட்டி.

மூன்றாவதாக ஒரு வழியும் சொல்வார்கள்: த்ரீ பேஸ் மோட்டாரில் ஒரு கெப்பாசிட்டரைக் கோத்து சிங்கிள் பேஸில் ஓட்டுவது. சுற்றும். கிளம்பும் இழுவை நோஞ்சானாக இருக்கும், பவரும் குறையும். லேத்துக்கு வேண்டாம்.

பழைய மோட்டார் வாங்கினால் பளபளப்பான புது பெயின்ட்டை நம்பாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் பக்கத்தில் தண்ணீரில் நின்ற இயந்திரங்கள் கொஞ்சநஞ்சமல்ல. கனெக்ஷன் பெட்டிக்குள் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், மெகர் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

6. புல்லியைக் கடையுங்கள், லேத் ஓடும்போதே

புது மோட்டாருக்குப் புது புல்லி வேண்டும், புல்லியின் ஓட்டையைக் கடைய லேத் வேண்டும், லேத்திலோ மோட்டார் இல்லை. என் மூன்று வாரத்தில் ஒரு வாரம் இதில்தான் போனது. பழைய மோட்டார் முக்கி முனகியாவது ஓடினால், அதைக் கழற்றும் முன்பே புல்லியைக் கடைந்துவிடுங்கள். ஓடவே இல்லையென்றால் தெரிந்த டர்னரிடம் கொடுக்க வேண்டியதுதான். பெல்ட், பேரிங், பாதி கடைந்த புல்லி எல்லாம் பாரிமுனைப் பக்கத் தெருக்களில் கிடைக்கும். அளவு எழுதிய சீட்டோடு போங்கள்.

கணக்கு இதுதான்: மோட்டார் புல்லியின் விட்டத்தை மோட்டார் வேகத்தால் பெருக்கி, எதிர்ப் புல்லியின் விட்டத்தால் வகுத்தால் எதிர்ப் புல்லியின் வேகம். 3 அங்குலம், 1440, எதிரில் 9 அங்குலம் என்றால் 480. பழைய மோட்டார் 960இல் ஓடி, புதியது 1440 என்றால் மோட்டார் புல்லி மூன்றில் இரண்டு பங்காக வேண்டும். நாலரை அங்குலம் இருந்த இடத்தில் 3 அங்குலம்.

ஆனால் புல்லியை இஷ்டத்துக்குச் சின்னதாக்க முடியாது. ஏ பெல்ட்டுக்கு (மேல் அகலம் 13 மி.மீ.) 75 மி.மீ.க்குக் குறையக் கூடாது. பி பெல்ட்டுக்கு (17 மி.மீ.) 125. அதைவிடச் சின்னப் புல்லியில் பெல்ட் மடங்கி மடங்கிச் சூடாகி வெடிக்கும். அப்படி இடிக்கும் இடத்தில் எதிர்ப் புல்லியைப் பெரிதாக்க வேண்டும், அல்லது டிரைவில் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

19 மி.மீ. ஷாஃப்டுக்கு 6 மி.மீ. கீ, 24க்கு 8 மி.மீ. கீ. கீ என்பது புல்லி ஷாஃப்டில் வழுக்காமல் பிடிக்கும் இரும்புக் கட்டை. அது உட்காரும் பள்ளத்தை (கீவே) வெட்ட ஸ்லாட்டிங் மெஷின் இருக்கும் பட்டறைக்குக் கொடுங்கள். கீ இல்லாமல் ஸ்க்ரூவை மட்டும் இறுக்கி ஓட்டினால் ஒரு மாதத்தில் ஷாஃப்ட் சீவிப்போகும்.

7. பழையதைக் கழற்றுதல்

பிளக்கைப் பிடுங்குங்கள், எம்.சி.பி.யையும் இறக்குங்கள். எந்த வயர் எங்கே போகிறது என்று ஃபோட்டோ எடுத்து, வயருக்கு எண் ஒட்டுங்கள்.

புல்லியில் கிரப் ஸ்க்ரூவை (ஷாஃப்டோடு இறுக்கும் தலையில்லாத ஸ்க்ரூ) கழற்றியதும் உடனே புல்லரை மாட்டாதீர்கள். அந்த ஓட்டைக்குள் அடியில் இன்னொரு கிரப் ஸ்க்ரூ இருக்கலாம், ஒன்றின் மேல் ஒன்றாக. எனக்கு அது தெரியாது. புல்லரை முழு பலத்தோடு முறுக்கினேன், வார்ப்பிரும்பு புல்லி டப்பென்று இரண்டாகப் பிளந்தது. டார்ச் அடித்து உள்ளே பாருங்கள், இரண்டு பக்கமும் தேடுங்கள், இரவே ஆயில் விட்டு வையுங்கள். சுத்தியலால் தட்டி எடுப்பது இதைவிட மோசம், அடி நேராக பேரிங்கில் இறங்கும்.

மோட்டாரின் அடியில் தகட்டுத் துண்டுகள் சொருகியிருந்தால் அவற்றை எந்தக் காலுக்கு எது என்று எழுதி ஒட்டி வையுங்கள்.

8. பொருத்துதல், நேர் பார்த்தல்

புது மோட்டாரின் துளைகள் பழைய துளைகளோடு பொருந்தாது. லேத்தின் வார்ப்பிரும்புக் காலில் புது ஓட்டை போடாதீர்கள், விரிசல் விட்டால் திரும்ப வராது. 10 அல்லது 12 மி.மீ. எம்.எஸ். (சாதா எஃகு) பிளேட் ஒன்று வெட்டி, அதில் பழைய துளைகளும் புது துளைகளும் போட்டு, மோட்டாரை அதன் மேல் உட்கார வையுங்கள். மோட்டார் பக்கத் துளைகளை நீள்வட்டமாக விடுங்கள், பெல்ட் இறுக்க நகர்த்த வேண்டியிருக்கும். பிளேட்டின் கனம் மோட்டாரை அந்த அளவு உயர்த்தும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இரண்டு புல்லிகளின் முகத்தையும் ஒட்டி நூலைக் கட்டி இழுங்கள். நூல் நாலு இடத்திலும் தொட வேண்டும். ஓரிடத்தில் விலகி நின்றால் மோட்டார் சாய்ந்திருக்கிறது, அந்தக் காலடியில் தகடு சொருகுங்கள். புல்லி முகங்களின் கனம் வேறு வேறாக இருந்தால் பள்ளங்களின் மையத்தைத்தான் நேராக்க வேண்டும்.

பெல்ட் இறுக்கத்தில் எல்லோரும் அதிகப்படிதான். இரண்டு புல்லிகளுக்கு நடுவே 40 செ.மீ. பெல்ட் இருந்தால், நடுவில் கட்டைவிரலால் அழுத்தும்போது 6 மி.மீ. அளவு இறங்க வேண்டும். வீணைத் தந்தி மாதிரி இறுக்கினால் பேரிங்தான் முதலில் போகும்.

9. வயரிங்

சிங்கிள் பேஸ் மோட்டார் என்றால் சுவர் ஸ்விட்ச் போட்டு ஓட்டாதீர்கள். டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் (பச்சை, சிவப்பு பட்டன் உள்ள மோட்டார் ஸ்விட்ச் பெட்டி) வேண்டும். கரண்ட் போய்த் திரும்பி வரும்போது சுவர் ஸ்விட்சில் உள்ள லேத் தானாகக் கிளம்பும். உங்கள் கை சக்கில் இருக்கும் நேரமாகவும் அது இருக்கலாம். ஸ்டார்ட்டரின் காயில் கரண்ட் போனதும் விடுத்துக்கொள்ளும், பச்சைப் பட்டனை அழுத்தினால்தான் மறுபடி ஓடும். பழைய ஸ்டார்ட்டர் வாங்கினால் அதன் காயில் 230 வோல்ட்டா 415ஆ என்று பாருங்கள். 415 காயில் நம் வீட்டில் கடகடவென்று துடிக்கும், பிடிக்காது. ஸ்டார்ட்டரில் இருக்கும் ஓவர்லோடு ரிலேயை (ஆம்பியர் மீறினால் மோட்டாரை நிறுத்துவது) மோட்டார் பிளேட்டில் உள்ள ஆம்பியருக்குத் திருகி வையுங்கள். மூன்று வழி ரிலே என்றால் கரண்ட் மூன்று வழியிலும் போகுமாறு தொடராகக் கோக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு பேஸ் போனதாக நினைத்து அடிக்கடி விழும்.

டிரைவ் வழி என்றால் முதலில் டெல்டா. ஆறு முனை உள்ள கனெக்ஷன் பெட்டியில் ஸ்டாருக்கு ஒரு வரிசையின் மூன்று முனையும் குறுக்கே பட்டை போட்டு இணைந்திருக்கும். டெல்டாவுக்கு அந்தப் பட்டைகளை எடுத்து நெடுக்காகப் போட வேண்டும்: யு1–டபிள்யூ2, வி1–யு2, டபிள்யூ1–வி2. டிரைவில் மோட்டார் ஆம்பியரைப் போடும்போது ஸ்டார் ஆம்பியரை 1.73ஆல் பெருக்கிப் போடுங்கள். பிளேட்டில் 1.8 என்றால் 3.1.

டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே எந்த ஸ்விட்சும் இருக்கக் கூடாது. முன்னும் பின்னும் ஓட்டும் பழைய டிரம் ஸ்விட்சைப் பாசத்தோடு அப்படியே நடுவில் விட்டு, ஓடும்போது ரிவர்ஸுக்குத் தள்ளி, புது டிரைவை ஒரே நாளில் எரித்தவர் உண்டு. டிரம் ஸ்விட்சை விட மனமில்லை என்றால் அதை டிரைவின் கன்ட்ரோல் முனைகளோடு இணைக்கலாம். அங்கே போவது சிக்னல் மட்டும்.

டிரைவில் மாற்ற வேண்டியவை: கிளம்ப 3 முதல் 5 விநாடி, நிற்கவும் அதே அளவு. சக் மரையில் ஏற்றிய ரகம் என்றால் நிற்கும் நேரத்தைக் குறைக்கவே கூடாது. திடீர் பிரேக்கில் சக் தன் வேகத்திலேயே மரை கழன்று கீழே குதிக்கும். ரிவர்ஸில் வெட்டினாலும் அதே கதை. கரண்ட் திரும்பினால் தானாக ஓடும் வசதியை அணைத்து வையுங்கள். குறைந்தபட்ச வேகம் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே வேண்டாம், மோட்டாரின் ஃபேனும் அதே ஷாஃப்டில்தான் சுற்றுகிறது. வேகத்தைப் பாதியாக்கினால் பவரும் பாதியாகும், ஆகவே கனமான வெட்டுக்குப் பழையபடி பெல்ட்டை மாற்றுங்கள், பேக் கியரை (வேகம் குறைத்து இழுவை கூட்டும் லேத்தின் பல்சக்கரம்) போடுங்கள்.

டிரைவை சக்குக்கு நேரே மாட்டாதீர்கள், இரும்புத் தூள் உள்ளே போனால் அன்றோடு சரி. மூடியைத் திறக்கும் முன் கரண்டை அணைத்துவிட்டு, டிரைவில் எழுதியிருக்கும் நிமிடங்கள் காத்திருங்கள். டிரைவ் போட்டதும் ஆர்.சி.சி.பி. விழுந்தால் அதைக் கழற்றிப்போடும் யோசனை எலக்ட்ரீஷியனிடமிருந்தே வரும். கேட்காதீர்கள். டிரைவின் கையேடு எந்த வகை ஆர்.சி.சி.பி. சொல்கிறதோ அதை அந்த லைனுக்குப் போடுங்கள்.

10. முதல் ஓட்டம்

பெல்ட் இல்லாமல் மோட்டாரை மட்டும் பத்து நிமிடம் ஓட்டுங்கள். டாங் டெஸ்டரில் ஆம்பியர் பிளேட் அளவுக்குக் கீழே இருக்க வேண்டும் (டெல்டாவாக மாற்றியிருந்தால் 1.73ஆல் பெருக்கிய அளவுக்குக் கீழே). பெல்ட் போட்டபின் சந்தேகம் வந்தால் கோளாறு மோட்டாரிலா லேத்திலா என்று பிரித்துப் பார்க்க முடியாது, அதனால்தான் இந்தப் பத்து நிமிடம்.

திசையையும் இப்போதே பாருங்கள். லேத்தின் முன் நின்றால் சக்கின் மேல் பக்கம் உங்களை நோக்கி வர வேண்டும். த்ரீ பேஸில் மோட்டாருக்குப் போகும் ஏதாவது இரண்டு வயரை மாற்றினால் திசை மாறும். சிங்கிள் பேஸில் ஸ்டார்ட் வைண்டிங்கின் இரண்டு முனைகளை மாற்ற வேண்டும். பிளக்கைத் திருப்பிச் சொருகினால் ஒன்றும் ஆகாது.

பிறகு பெல்ட். சக் சாவி சக்கில் இல்லை என்று பார்த்துவிட்டு, மிகக் குறைந்த வேகத்தில் தொடங்குங்கள். கால் மணி நேரம் கழித்து ஒரு மெல்லிய வெட்டு. வெட்டும்போதும் ஆம்பியர் பாருங்கள்.

மோட்டார் பாடியில் கை வைக்க முடியாத அளவு சூடு இருந்தால் பலரும் பதறுவார்கள். மே மாதத்தில், தகரக் கூரைக்கு அடியில், ஒரு மணி நேரம் ஓடிய மோட்டார் அப்படித்தான் இருக்கும். ஆம்பியர் சரியாக இருந்து, வாடையும் வராவிட்டால் விடுங்கள்.

புது பெல்ட் முதல் வாரத்தில் கொஞ்சம் நீளும். அடுத்த ஞாயிறு போல்ட்டுகளைத் தளர்த்தி, மோட்டாரை நகர்த்தி, நூலை மறுபடி பிடித்துப் பாருங்கள். கனெக்ஷன் பெட்டியின் ஃபோட்டோவை பிரிண்ட் போட்டு ஸ்டார்ட்டர் மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். என்னுடையதில் “டெல்டா – மாற்றாதே” என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதியும் வைத்திருக்கிறேன்.